டீச்சர் கொடுத்த டப்பா

ஆவணி முகூர்த்தத்துக்கு 14 பிளவுஸ் கையில் இருந்தது. அன்றைக்குப் பட்டுப் பிளவுஸ் ஒன்றுக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தேன். கழுத்து வளைவில் மெஷினை ஓட விடக்கூடாது. மோட்டார் பெடலில் பெருவிரலை லேசாக வைத்து ஒவ்வொரு தையலாக இறக்க வேண்டும். அப்படித்தான் வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். மெஷின் திடீரென்று பாய்ந்தது. ஊசி என் இடது கை ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கி உடைந்தது.

26 வருஷமாகத் தைக்கிறேன். விரலில் ஊசி ஏறுவது எனக்குப் புதிது இல்லை. குனிந்து பார்த்தபோதுதான் பயம் வந்தது. என் வலது கால் இன்னமும் பெடலை முழுசாக மிதித்துக்கொண்டிருந்தது. மிதிப்பது எனக்குத் தெரியவே இல்லை.

எனக்கு 51 வயது. 9 வருஷமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. முதலில் 500 மில்லிகிராம், மூன்று வருஷமாக 1000. அதோடு வயிற்று எரிச்சலுக்கு என்று என்றைக்கோ எழுதிக் கொடுத்த பான்டப்ரசோல், தினமும் வெறும் வயிற்றில். போன வருஷத்திலிருந்தே உள்ளங்கால் மதமதவென்று இருந்தது. குளித்துவிட்டு ஈரக் காலோடு நடந்தால் தரையில் பஞ்சு விரித்ததுபோல இருக்கும். ராத்திரி எரியும். பாயிலிருந்து காலை எடுத்துச் சிமெண்டுத் தரையில் வைத்துக்கொள்வேன். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "சுகர் கால், அப்படித்தான் இருக்கும்." மாதாமாதம் நான் சர்க்கரை பார்க்கப் போய்க்கொண்டிருந்த இடத்திலும் அதையேதான் சொன்னார்கள். நானும் சரி என்று இருந்துவிட்டேன்.

கால் மட்டும் இல்லை. மூன்று மணிக்கு மேல் மெஷினில் உட்கார முடியாத அசதி. அளவெடுத்துவிட்டுத் திரும்பி நோட்டில் எழுதுவதற்குள் எண் மறந்துபோகும். நாக்கு வழுவழுவென்று சிவந்து, ரசம் பட்டாலே எரியும். இதெல்லாம் ஒரே கயிற்றில் கட்டியவை என்று அப்போது எனக்குத் தெரியாது.

நகத்தில் கட்டோடு நான் உட்கார்ந்திருந்த வாரத்தில்தான் டீச்சர் வந்தார். பத்து வருஷமாக என்னிடம் தைப்பவர். அவருடைய பெண்ணின் கல்யாணப் பிளவுஸ் எட்டும் நான் தைத்ததுதான். கையைப் பார்த்ததும் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். மறுநாள் ஒரு டப்பாவோடு வந்தார்.

"அக்கா, இது புதுசா வந்திருக்கு. 22 சத்து இதுல இருக்கு. நான் ரெண்டு மாசமா சாப்பிடறேன், மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கறதில்லை. இயற்கையானது, பக்க விளைவே கிடையாது. பணம் அப்புறம் குடுங்க."

ஒரு மாதத்துக்கு 1,850 ரூபாய். நான் லைனிங் பிளவுஸுக்கு 300 வாங்குகிறேன். ஆறு பிளவுஸ் தைத்தாலும் டப்பாவின் விலைக்கு 50 ரூபாய் குறையும். ஆனாலும் வாங்கிவிடலாம் என்றுதான் மனசு சொன்னது. டீச்சர் பொய் சொல்கிறவர் இல்லை. அவருக்கு அதில் கமிஷன் உண்டு என்பது எனக்குத் தெரியும், அதை அவர் மறைக்கவும் இல்லை. அதைவிட, என் அசதியை ஒருவர் உட்கார்ந்து முழுசாகக் கேட்டதே அப்போதுதான். உடம்பு முடியாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று முடியாதவர்களுக்குத்தான் தெரியும்.

டப்பாவை மெஷின் பலகையில், பாபின் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். 12 நாள் அங்கேயே இருந்தது.

என் கையைப் பிடித்து நிறுத்தியது நாத்தனாருக்கு நடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வைட்டமின் டி குறைவு என்று 60,000 யூனிட் பொடி எழுதிக் கொடுத்தார்கள். பாலில் கலந்து வாரத்துக்கு ஒன்று. மருந்து கொடுத்த கடையில் பாக்கெட்டின் மேல் எதுவும் எழுதித் தரவில்லை. சீட்டும் தொலைந்துவிட்டது. தினமும் ஒன்று என்று நினைத்து ஆறு வாரம் குடித்தாள். தீரத் தீர வாங்கி வரச் சொன்னாள், கடையிலும் கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். அப்புறம் வாந்தி, தாகம், மலச்சிக்கல். ஒருநாள் காலையில் தன் மகனையே யார் என்று கேட்டாள். ரத்தத்தில் கால்சியம் ஏறிப்போயிருந்தது. ஐந்து நாள் சலைன் ஏற்றினார்கள். "சத்துப் பொடிதானே அண்ணி, அது என்ன பண்ணும்னு நினைச்சேன்" என்று படுக்கையில் இருந்துகொண்டு சொன்னாள். பி, சி மாதிரி நீரில் கரைகிற வைட்டமின்களில் மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை, மிஞ்சினால் உடம்பிலேயே தங்கும். அதை நாங்கள் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டோம்.

அதனால் டப்பாவைத் திறப்பதற்கு முன் லேபிளைப் படித்துவிடுவது என்று முடிவு செய்தேன். நூல் கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் சுறுசுறுப்பு, நரம்பு பலம், எதிர்ப்பு சக்தி. பின்பக்கம், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ஹெல்த் சப்ளிமெண்ட் என்றும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்றும் ஆங்கிலத்தில். இந்த இரண்டையும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே போடச் சொல்கிறது. அதாவது சட்டத்தின் கண்ணில் இது உணவு வகை. 14 இலக்க உணவு உரிம எண் இருந்தது. மாத்திரை அட்டைகளில் இருக்கிற மருந்து உற்பத்தி உரிம எண் இல்லை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் என் காலில் இருப்பது நோயா, வெறும் சத்துக் குறைவா என்று தெரியாமல், நோய்க்கு அல்ல என்று தன் மேலேயே எழுதிக்கொண்ட ஒன்றை நான் எதற்காக விழுங்க வேண்டும்?

பட்டியலில் 22 பெயரும் இருந்தன. துத்தநாகம், செலினியம், வைட்டமின் ஏ, டி, ஃபோலிக் அமிலம் 300 மைக்ரோகிராம், பயோட்டின். கடைசிக்கு முந்தின வரியில் பி12, 1 மைக்ரோகிராம்.

அந்த வரியில் என் கண் நின்றதற்குக் காரணம் உண்டு. அந்த 12 நாளில் ராத்திரி தூக்கம் வராதபோதெல்லாம் வைட்டமின்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். வைட்டமின் என்ற பேரே 1912-ல் காசிமிர் ஃபங்க் என்பவர் வைத்தது. நம் பக்கத்துக் கதையும் அதில் இருக்கிறது. தீட்டிய அரிசியால் வரும் பெரிபெரி நோயை ஆராய 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒற்றை அறையில் ஒரு சின்னப் பிரிவு தொடங்கினார்கள். ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நெல்லை உமியோடு புழுக்கும்போது பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால் புழுங்கல் அரிசி தின்கிறவர்களுக்குப் பெரிபெரி குறைவு. எங்கள் மயிலாடுதுறைப் பக்கத்தில் அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காலால் கிளறி விட்ட என் பாட்டிக்கு இது தெரியாது. தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறாள்.

லூசி வில்ஸைப் பற்றியும் படித்தேன். 1928-ல் பம்பாய்க்கு வந்து, துணி ஆலைத் தொழிலாளிகளான கர்ப்பிணிப் பெண்கள் ஏன் ரத்தம் சுண்டி வெளுத்துப்போகிறார்கள் என்று தேடிய டாக்டர். குன்னூரிலும் வேலை செய்திருக்கிறார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தப் பெண்கள் தேறுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். அந்தச் சாற்றில் இருந்ததுதான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று பேர் பெற்றது. துணியில் உழைத்த பெண்கள் என்பதால் எனக்கு அந்தப் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை.

ஃபோலிக் அமிலத்திலிருந்து அடுத்த படி பி12. இரண்டும் சேர்ந்தால்தான் ரத்த அணு ஒழுங்காக உருவாகும். இலையும் காயும் பி12-ஐ உண்டாக்குவதில்லை. அதை உண்டாக்குவது நுண்ணுயிர்கள் மட்டும். நமக்குப் பால், முட்டை, மீன், கறி வழியாக வருகிறது. எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. நாளைக்கு ஒருவருக்குச் சுமார் 2 மைக்ரோகிராம் வேண்டும். ஒரு பெரிய தம்ளர் பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம் இருக்கும். நான் குடிப்பது இரண்டு வேளைக் காப்பியில் ஊற்றும் பால், மத்தியானம் தண்ணியாக மோர். கணக்குப் போட்டால் பாதிதான் தேறும். பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று அடிக்கடி வாட்ஸப்பில் வருகிறது. பழைய சோறும் சின்ன வெங்காயமும் எனக்கு உயிர். அதற்காக அதை நம்பி இந்தக் குறையை அடைக்க முடியாது.

இந்தப் பாதியையும் முழுசாக உடம்பில் சேரவிடாமல் தடுப்பது எது தெரியுமா? வருஷக்கணக்கில் சாப்பிடும் மெட்ஃபார்மின். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதை அது குறைக்கிறது. பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் குறைவு அடிக்கடி வரக்கூடியது, அறிகுறி இருந்தால் ரத்தத்தில் அளவு பாருங்கள் என்று அறிவுறுத்தியது. அமிலம் குறைக்கிற பான்டப்ரசோல் வகை மாத்திரையும் நாளாக நாளாக அதையே செய்யும். உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். கல்லீரலில் பி12 சில வருஷங்களுக்குக் கையிருப்பு இருக்கும், அதனால் இந்தப் பஞ்சம் மெதுவாகத்தான் வெளியே தெரியும். நான் அந்த இரண்டு மாத்திரையையும் ஒரே டப்பியில் போட்டு வைத்திருந்தேன்.

அன்று ராத்திரி எனக்கு வந்தது கோபம். 9 வருஷம் மாதாமாதம் போயிருக்கிறேன். ஒருவரும் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கால் மரத்துப்போகிறது என்று நானே வாய்விட்டுச் சொன்ன பிறகும் கேட்கவில்லை. இதை எழுதுகிற இப்போதும் அந்தக் கோபம் ஆறவில்லை.

மறுநாள் வேறு ஒரு டாக்டரைப் பார்க்கக் கும்பகோணம் போனேன். டப்பாவையும் கையோடு கொண்டுபோனேன். வயசானவர். என்னைப் பேச விட்டார். அப்புறம் ஒரு இசைக்கவையை எடுத்தார். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் பார்த்தது, இரண்டு கால் உள்ள இரும்புக் கம்பி. அதைத் தட்டி முதலில் என் நெற்றியில் வைத்தார். ரீங்காரம் மண்டைக்குள் ஓடியது. "இதுதான் அதிர்வு. காலில் வைக்கிறேன், எப்போது நிற்கிறது என்று சொல்லுங்கம்மா" என்றார். கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் வைக்கவில்லையா டாக்டர்?" என்று கேட்டேன். கண்ணைத் திறந்தால் கவை என் பெருவிரல் எலும்பில் நின்று அதிர்ந்துகொண்டிருந்தது. அதிர்வதைக் கண்ணால் பார்க்கிறேன். காலுக்குத் தெரியவில்லை. கணுக்காலுக்கு ஏற்றியபோது லேசாகத் தெரிந்தது. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுகரால் வரும் நரம்புப் பாதிப்பும் பி12 குறைவால் வருவதும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், சுகர்தான் என்று முடிவு கட்டிவிட்டால் சரிசெய்யக்கூடியது கைநழுவிப் போகும் என்றார். டப்பாவின் பட்டியலை நிதானமாகப் படித்தார். திட்டவில்லை. "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். அசதிக்கு என்று மருந்துக்கடையில் கேட்டால் தருகிற பி காம்ப்ளெக்ஸ் நடுநடுவே போடுவேன் என்றேன். அதைக் கேட்டுத்தான் அவர் முகம் மாறியது. அந்த மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் உண்டு, இந்த டப்பாவிலும் உண்டு. பி12 இல்லாதவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் நிறையப் போனால் ரத்தம் தேறிவிடும், சோதனையில் ரத்தசோகை தெரியாது, உள்ளே நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகும். டப்பாவில் இருக்கிற 300 மைக்ரோகிராம் தனியாக அவ்வளவு செய்யாது. ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போவதுதான் ஆபத்து என்றார். முடிக்கு மாத்திரை சாப்பிடுகிறேனா என்றும் கேட்டார். அதில் இருக்கிற அதிக அளவு பயோட்டின் தைராய்டு சோதனையைப் பொய்யாகக் காட்டுமாம். இல்லை என்றேன்.

சரி, பி12 1 மைக்ரோகிராம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்டேன். வழி நன்றாக இருக்கிறவருக்குப் போதும், உங்களுக்கு வழியே அடைபட்டிருக்கிறது என்றார். குடல் ஒரு தடவைக்கு 2 மைக்ரோகிராம் அளவுக்குத்தான் முறையாக இழுத்துக்கொள்ளும். 1000 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்தால், அந்த வழியை விட்டு, நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போகும். அதனால்தான் குறைவு உள்ளவர்களுக்கு அவ்வளவு பெரிய அளவு கொடுக்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு 900 ரூபாய் ஆனது. டப்பா விலையில் பாதி. மறுநாள் மாலை தாள் வந்தது. பி12 மில்லிலிட்டருக்கு 148 பிகோகிராம், லேபின் கீழ் எல்லை 200. ஹீமோகுளோபின் 10.9. சிவப்பணுவின் அளவைச் சொல்லும் எம்சிவி 103, அது 100-க்குள் இருக்க வேண்டும். அணு பெருத்துப்போயிருக்கிறது. வைட்டமின் டி சரியாகவே இருந்தது. டப்பாவில் இருந்த 22-ல் என்னிடம் குறைந்தது என்று தாள் காட்டியது ஒன்றே ஒன்று. அளவு பிளவுஸ் வாங்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டேன் என்று வாடிக்கைக்காரர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். என் உடம்புக்கு அளவெடுக்காமலே 1,850 ரூபாய் கொடுக்க இருந்தேன்.

ஊசி எழுதிக் கொடுத்தார். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் ஒன்று, அதன்பிறகு மாத்திரை. பான்டப்ரசோல் எனக்கு இனித் தேவையில்லை என்று நிறுத்தினார். மெட்ஃபார்மின் தொடர்கிறது. இதை வாசிக்கிறவர்கள் யாரும் பயந்துபோய் அந்த மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை ஏறினால் அதுவும் நரம்பைத்தான் தின்னும். கால் மதமதப்பு இருந்தால் ஒரு தடவை பி12 பாருங்கள் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், அவ்வளவுதான்.

அந்த ஊசி மருந்தின் நிறத்தைச் சொல்ல வேண்டும். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் வருகிறது. நர்ஸம்மா கழுத்தை உடைத்துச் சிரிஞ்சில் இழுத்தபோது மாதுளைச் சாறு மாதிரி சிவப்பு. உள்ளே கோபால்ட் என்கிற உலோகம் இருக்கிறது, அதனால் அந்த நிறம். 1948-ல் முதன்முதலில் இதைப் பிரித்தெடுத்தபோதும் சிவப்புப் படிகமாகத்தான் கிடைத்தது. இது எப்படிக் கோத்துக் கட்டியிருக்கிறது என்று 1956-ல் எக்ஸ்ரே மூலம் கண்டுபிடித்தவர் டோரதி ஹாட்ஜ்கின். 1964-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கை மூட்டெல்லாம் வாதத்தில் கோணிப்போன கைகளோடு அந்த வேலையைச் செய்தார் அவர். ஒவ்வொரு ஊசிக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

டப்பாவை டீச்சரிடம் திருப்பிக் கொடுக்கத்தான் தயக்கமாக இருந்தது. சீல் உடைக்காமல் கொடுத்தேன், தாளையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் உங்களுக்கு நல்லதுன்னுதான் அக்கா..." என்றார். "எனக்குத் தெரியாதா டீச்சர்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். உண்மையில் அந்த டப்பா வராவிட்டால் நான் லேபிளும் படித்திருக்க மாட்டேன், கும்பகோணமும் போயிருக்க மாட்டேன். அதையும் அவரிடம் சொன்னேன். அவருக்கும் ஆறு வருஷமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின்தான். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது என்றார், ஆனால் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

இது பதினோராவது வாரம். நாக்கு முதலில் சரியாகிவிட்டது. மூன்று மணி அசதி இல்லை. ராத்திரி எரிச்சல் பாதிக்குப் பாதி. வலது பெருவிரலில் கவையின் அதிர்வு இப்போது சில வினாடி தெரிகிறது. இடது காலில் சுண்டுவிரல் பக்கம் இன்னும் மரப்புதான். நரம்பு மெதுவாகத்தான் வரும், சிலது திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலோடு பெடலில் வைத்துத் தைக்கிறேன். பெடலின் ரப்பரில் இருக்கிற வரி வரியான மேடு நேற்று பெருவிரலுக்குத் தெரிந்தது. மெஷினை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை தடவிப் பார்த்தேன்.